பூச்சாறு மேக்ரோபேஜ் செல்களில் அழற்சியைத் தணிக்கிறது என்று எப்போது சொல்லலாம்?

நந்தவனம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் உயிர்வேதியியல் முதுநிலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். வீட்டுத் தோட்டங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் அழகுக்காகவும் பூசைக்காகவும் வளர்க்கப்படும் பூக்களின் சாறு, நோயெதிர்ப்புச் செல்களில் அழற்சியைத் தணிக்கிறதா என்பதை ஆய்வுத் திட்டமாக எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். சங்குப்பூ, செம்பருத்தி, செண்டுமல்லி, செவ்வரளி ஆகிய நான்கையும் நினைத்திருக்கிறேன்.

நிழலில் உலர்த்திய இதழ்களை 70 விழுக்காடு எத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, கரைப்பானை நீக்கிய பின் எஞ்சுவதை டி.எம்.எஸ்.ஓ. என்னும் கரைப்பானில் கரைத்துக்கொள்வேன். அதைச் சுண்டெலியின் ரா 264.7 மேக்ரோபேஜ் செல்களுக்கு (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) ஒரு மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் வரை கொடுத்து, 24 மணி நேரம் கழித்து ஈ. கோலை பாக்டீரியாவின் வெளியுறையில் உள்ள, அழற்சியைத் தூண்டும் எல்.பி.எஸ். என்னும் பொருளைச் சேர்த்துத் தூண்டி, மறுநாள் கிரீஸ் வினைப்பொருளைக் கொண்டு நைட்ரைட்டை அளப்பேன். செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்பதை, உயிருள்ள செல்கள் ஊதாவாக மாற்றும் சாயத்தைக் கொண்ட எம்.டி.டி. சோதனையால் பார்ப்பேன். நான் படித்த கட்டுரைகளில் பல இந்த இரண்டு சோதனைகளோடு நின்று, சாற்றுக்கு அழற்சி எதிர்ப்புத் திறன் உண்டு என்று முடித்துவிடுகின்றன. அந்த முடிவுக்கு இவை போதுமா? நான்கு பூக்களையும் வைத்துக்கொள்ளலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

செல்வளர்ப்பறை (பதில்):

நல்ல தலைப்பு. உங்கள் திட்டத்தின் அடிப்படையும் சரியானதே. எல்.பி.எஸ். மேக்ரோபேஜின் மேற்பரப்பில் உள்ள டி.எல்.ஆர். 4 ஏற்பியின் வழியாக அழற்சி மரபணுக்களை இயக்கும் என்.எஃப். கப்பா-பி என்னும் புரதத்தை உட்கருவுக்குள் அனுப்புகிறது. அதன் விளைவாக, நைட்ரிக் ஆக்சைடு வாயுவைத் தயாரிக்கும் ஐநாஸ் நொதி உருவாகி அந்த வாயு பெருகுகிறது. அந்த வாயு விரைவில் மறைந்துவிடுவதால், அது விட்டுச்செல்லும் நைட்ரைட்டை நாம் அளக்கிறோம். இந்தத் தொடரில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கடைசியில் நைட்ரைட் குறையும். அதனால்தான் குறைவு தெரிந்த இடத்திலிருந்து விசாரணை தொடங்க வேண்டுமே தவிர, அங்கே முடிந்துவிடக் கூடாது.

முதலில் நிறத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் பூக்களை வைத்து ஆய்வு செய்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் அதுதான். கிரீஸ் வினைப்பொருளில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. அதில் உருவாகும் இளஞ்சிவப்பு நிறத்தை 540 நானோமீட்டர் அளவில் படிக்கிறோம். சங்குப்பூ நீரில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாற்றம் உங்கள் சோதனைத் தட்டிலும் நிகழும். செம்பருத்தியின் அந்தோசயனின் என்னும் நிறமியும் அமிலத்தில் சிவந்து, அதே அலைநீளப் பகுதியில் ஒளியை உறிஞ்சும். இதனால் நைட்ரைட் உண்மையைவிட அதிகமாகத் தெரியலாம். இன்னொரு பக்கம், சாற்றில் உள்ள பாலிபீனால் வகை வேதிப்பொருள்கள் அமிலச் சூழலில் நைட்ரைட்டோடு நேரடியாக வினைபுரிந்து அதைத் தீர்த்துவிடுவதும் உண்டு. அப்போது செல்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லாமலேயே அளவு குறைந்துவிடும். இதைக் கண்டறிய ஓர் எளிய வழி இருக்கிறது. செல்கள் இல்லாத ஊடகத்தில் உங்கள் சாற்றையும் தெரிந்த அளவு சோடியம் நைட்ரைட்டையும் கலந்து, அதே வினைப்பொருளால் அளந்து பாருங்கள். போட்டது முழுதும் திரும்பக் கிடைத்தால்தான் அந்தச் செறிவில் கிரீஸ் சோதனையை நம்பலாம்.

எம்.டி.டி. சோதனைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். குவெர்செடின் போன்ற பிளேவனாய்டுகள் (ஒருவகைப் பாலிபீனால்கள்) சோதனைத் தட்டின் செல்லே இல்லாத குழியிலும் எம்.டி.டி.யை ஒடுக்கி ஊதா நிறத்தை உண்டாக்கும். இறந்த செல்களும் உயிரோடு இருப்பதுபோல் எண் வரும். செல்களை நன்றாகக் கழுவிய பிறகே எம்.டி.டி. சேருங்கள், செல் இல்லாத, சாறு மட்டும் உள்ள குழிகளையும் வையுங்கள், சிதைந்த செல்லிலிருந்து வெளியேறும் எல்.டி.எச். நொதியின் கசிவையோ, இறந்த செல்லுக்குள் மட்டும் நுழையும் டிரிப்பான் நீலச் சாயத்தையோ துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். செத்துக்கொண்டிருக்கும் செல் நைட்ரிக் ஆக்சைடு சுரக்காது என்பதால், இந்த ஒரு சோதனை தவறினால் மற்ற எல்லா எண்களும் பொருளிழந்துவிடும்.

அடுத்தது, நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. தோட்டத்துப் பூவிதழின் மேல் பாக்டீரியாக்கள் எப்போதும் இருக்கும். அவற்றின் எண்டோடாக்சின், அதாவது எல்.பி.எஸ்., உங்கள் சாற்றிலும் வந்து சேரும். ஆட்டோகிளேவில் (உயரழுத்த நீராவிக் கலன்) வைத்தாலும் 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்தினாலும் அது போகாது. சிறிதளவு எண்டோடாக்சினை முன்கூட்டியே சந்தித்த மேக்ரோபேஜ், மறுநாள் பெரிய அளவு எல்.பி.எஸ். வரும்போது மந்தமாகவே எதிர்வினை காட்டும். நோயெதிர்ப்பியலில் இதற்கு எண்டோடாக்சின் சகிப்பு என்று பெயர். 24 மணி நேரம் முன்னதாகச் சாறு கொடுக்கும் உங்கள் திட்டத்தில், பூவின் வேதிப்பொருளுக்கு உரியதாக நீங்கள் எழுதப்போகும் பலன் உண்மையில் இந்தச் சகிப்பாக இருக்கக்கூடும். எல்.பி.எஸ். சேர்க்காமல் சாறு மட்டும் பெற்ற செல்கள் டி.என்.எஃப். ஆல்பா என்னும் அழற்சிப் புரதத்தைச் சுரக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். எண்டோடாக்சினைச் செயலிழக்கச் செய்யும் பாலிமிக்சின் பி சேர்த்தும் சேர்க்காமலும் ஒப்பிடுங்கள். முன்னதாகக் கொடுப்பது, உடன் கொடுப்பது, தூண்டிய பின் கொடுப்பது என மூன்று வகையிலும் செய்தால் சாறு எந்தக் கட்டத்தில் செயல்படுகிறது என்பதும் ஓரளவு புலப்படும்.

அழற்சியைத் தணிக்கும் டெக்சாமெத்தசோனை ஒப்பீட்டு மருந்தாக வையுங்கள். டி.எம்.எஸ்.ஓ. எல்லாக் குழிகளிலும் ஒரே அளவில், 0.1 விழுக்காட்டுக்கு மிகாமல் இருக்கட்டும்.

நஞ்சியல் ஆர்வலர் (பதில்):

மேலே சொன்னவை அனைத்தையும் வழிமொழிகிறேன். நான் செவ்வரளியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அது இந்தப் பட்டியலில் மற்ற மூன்றோடு சேராதது.

அரளியில் ஒலியாண்ட்ரின் முதலான இதய கிளைகோசைடுகள் உள்ளன. அவை செல்சவ்வில் உள்ள சோடியம்-பொட்டாசியம் பம்பைத் தடுக்கின்றன. மனிதச் செல்களில் இதனால் உட்புறப் பொட்டாசியம் குறைந்து, புரத உற்பத்தியே தளர்ந்துவிடும். செல்களிடையே அழற்சிச் செய்தியைக் கடத்தும் சைட்டோகைன்களும் புரதங்களே என்பதால் அவையும் குறையும். அதை அழற்சி தணிந்ததாகப் படிப்பது பெரும் பிழை. எலி, சுண்டெலி இனங்களிலோ அந்தப் பம்பின் ஆல்பா-1 அலகு இந்த நஞ்சுகளுக்கு இயல்பாகவே எதிர்ப்புடையது. மனிதச் செல்லோடு ஒப்பிட்டால் நூறு மடங்குக்கும் மேலான செறிவைத் தாங்கும். ஆகவே உங்கள் ரா 264.7 செல்கள் அரளிச் சாற்றில் நலமாக இருக்கும், எம்.டி.டி. எண்ணும் நன்றாக வரும், கட்டுரையில் "நச்சுத்தன்மை இல்லை" என்ற வரி இடம்பெறும். அந்த வரியை நம்பி ஒருவர் அரளிப்பூவைக் கொதிக்கவைத்துக் குடித்தால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் அரளியின் நஞ்சால் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் எத்தனை பேர் மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கவலையாகத் தோன்றாது.

அரளியை விட்டுவிடுங்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால், டி.எச்.பி.-1 போன்ற மனித மோனோசைட் செல்களில் நச்சுத்தன்மையைச் சோதித்த பிறகு மட்டுமே அழற்சியைப் பற்றிப் பேசுங்கள்.

வைகைக்கரை (பதில்):

நான்கில் சங்குப்பூவுக்கே என் வாக்கு. அதன் நீல நிறத்துக்குக் காரணமான டெர்னாட்டின்கள் அசைல் என்னும் வேதித் தொகுதிகள் பலவற்றைத் தாங்கிய அந்தோசயனின்கள்; செல் வளர்ப்பு ஊடகத்தின், அமிலமும் காரமும் அல்லாத நடுநிலைச் சூழலில் சாதாரண அந்தோசயனின்கள் சிதைவதைப்போல் இவை விரைவில் சிதைவதில்லை. 2015இல் வெளியான ஓர் ஆய்வு இந்தப் பூவின் சாற்றை இரு பகுதிகளாகப் பிரித்து, எல்.பி.எஸ். தூண்டிய ரா 264.7 செல்களிலேயே சோதித்தது. டெர்னாட்டின் பகுதி என்.எஃப். கப்பா-பி உட்கருவுக்குள் நுழைவதையும் ஐநாஸ் புரதத்தையும் குறைத்தது. குவெர்செடின் கிளைகோசைடுப் பகுதி, அழற்சிப் பொருள்களை உருவாக்கும் காக்ஸ்-2 நொதியின் செயலைத் தடுத்தது. ஒரே இதழிலிருந்து வரும் இரு பகுதிகள் இரு வேறு வழிகளில் வேலை செய்கின்றன என்று காட்டியதுதான் அந்த ஆய்வின் சிறப்பு. முழுச் சாற்றை மட்டும் வைத்திருந்தால் இது தெரிந்திருக்காது. நான்கு பூக்களை மேலோட்டமாகத் தொடுவதைவிட, ஒரு பூவை எடுத்து நீரில் கரையும் பகுதி, எத்தில் அசிட்டேட்டில் கரையும் பகுதி என்று பிரித்துப் பார்ப்பது உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும்.

செறிவைப் பற்றியும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வளர்ந்த ஒருவரின் இரத்தப் பிளாஸ்மா ஏறத்தாழ 3 லிட்டர். மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் என்றால், 600 மில்லிகிராம் சாறு சிறிதும் குறையாமல் ஒரே நேரத்தில் இரத்தத்தில் இருக்க வேண்டும். குவெர்செடின் போன்றவை குடலிலும் கல்லீரலிலும் குளுக்குரோனைடுகள் என்னும் வேறு சேர்மங்களாக மாற்றப்படுவதால் அந்த அளவுக்கு அருகில்கூட வராது. ஆகையால் 10, 25, 50 மைக்ரோகிராம் அளவுகளில் கிடைக்கும் விடைக்கே மதிப்பு அதிகம். தோலின் மேல் பூசுவதும் குடலின் உட்சுவரும் வேறு கணக்கு. அங்கே செறிவு உயர முடியும். மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 254 பெண்களிடம் பிரான்சில் நடந்து 2004இல் வெளியான சோதனையில், கேலண்டுலா என்னும் பூவின் களிம்பைப் பூசியவர்களில் 41 விழுக்காட்டினருக்கும், ஒப்பீட்டு மருந்து பூசியவர்களில் 63 விழுக்காட்டினருக்கும் நடுத்தர அல்லது கடும் தோல் அழற்சி ஏற்பட்டது. இரு மருந்துகளும் பார்த்தாலே வேறுபடுத்தக்கூடியவை என்பதால் அந்தச் சோதனைக்கும் ஒரு வரம்பு உண்டு. எனினும் அழகுப் பூ ஒன்று மனித உடலில் சோதிக்கப்பட்ட மதிப்புள்ள சான்று அது. கேலண்டுலா நம் செண்டுமல்லியின் பேரினத்தைச் சேர்ந்தது அன்று என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பூக்களைச் சந்தையில் வாங்காதீர்கள். மாலைக்குப் போகும் பூவில் தெளிக்கப்படும் பூச்சிமருந்து உணவுப் பயிருக்கு உள்ள கட்டுப்பாட்டுக்குள் வருவதில்லை. எத்தனால் அந்த எச்சத்தையும் சேர்த்தே இழுத்துவரும். மருந்து தெளிக்காத கொடியிலிருந்து பறித்து, செடியின் மாதிரியைக் கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் கொடுத்து இனத்தை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

நந்தவனம்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சங்குப்பூ ஒன்றையே எடுத்துக்கொண்டு, இரு பகுதிகளாகப் பிரிக்க எங்கள் வழிகாட்டியிடம் ஒப்புதல் கேட்கிறேன். ரா செல்களில் கிடைக்கும் முடிவை டி.எச்.பி.-1 செல்களில் சரிபார்க்கும்போதும் நைட்ரைட்டையே அளக்கலாமா?

செல்வளர்ப்பறை:

வேண்டாம். மனித மேக்ரோபேஜ்கள் வளர்ப்புத் தட்டில் சுண்டெலிச் செல்களைப்போல் நைட்ரிக் ஆக்சைடு சுரப்பதில்லை. கிரீஸ் சோதனையில் ஏறத்தாழ ஒன்றுமே தெரியாது. டி.எச்.பி.-1 செல்களைப் பி.எம்.ஏ. என்னும் வேதிப்பொருளைக் கொண்டு மேக்ரோபேஜாக மாற்றி, ஊடகத்தை மாற்றி ஓய்வு கொடுத்த பிறகு எல்.பி.எஸ். சேருங்கள். டி.என்.எஃப். ஆல்பா, இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-1 பீட்டா ஆகிய சைட்டோகைன்களை எலைசா என்னும் எதிர்ப்பொருள் சோதனையால் அளங்கள். டி.என்.எஃப். முதல் சில மணி நேரத்திலேயே உச்சம் தொட்டுவிடும் என்பதால், அதற்கு 4 மணி நேரத்தில் ஒரு மாதிரியும் மற்றவற்றுக்கு 24 மணி நேரத்தில் ஒரு மாதிரியும் எடுத்துக்கொள்ளுங்கள்.