"எனக்கு என்ன தகுதி இருக்கிறது?": திருச்சபை ஊழியத்துக்குத் தயங்கியவர்களின் அனுபவப் பகிர்வு

கடையம் வாசகி:
அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது நடந்தது இது. இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பாட்டி என் கையிலிருந்த வேதாகமத்தைப் பார்த்துவிட்டு, "எனக்காக ஒரு ஜெபம் பண்ணும்மா" என்று கேட்டார்கள். நானோ பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில்கூட வாய் திறந்து ஜெபித்தவள் அல்ல; ஜெபம் என்றால் அது ஆயரும் உபதேசியாரும் செய்வது என்றே வளர்ந்தவள். குளுக்கோஸ் ஊசிக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்த அவர்களுடைய கையை மெல்லத் தொட்டுக்கொண்டு, சொந்தமாக ஒரு வார்த்தையும் வராததால் இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தையே சொல்லத் தொடங்கினேன். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்ற இடத்தில் பாட்டியின் உதடுகளும் அசையத் தொடங்கின. சிறுவயதில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தார்களாம். மறுநாள் அவர்களை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஜெபிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்திருந்தால் அவர்களுக்கு இன்னும் ஆறுதல் கிடைத்திருக்குமோ என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

ஞாயிறு பள்ளி ஆசிரியை:
சகோதரி, அந்தப் பாட்டி கேட்டது உங்களிடம்தான். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். எங்கள் சபையில் வகுப்பெடுத்த பட்டதாரி அக்கா திருமணமாகிப் போய்விட்டதால் பிள்ளைகளை என்னிடம் ஒப்படைத்தார்கள். முதல் பாடமே வேதாகமத்தில் வரும் கிதியோன் கதை. பகைவரான மீதியானியருக்குப் பயந்து ஆலைக்குப் பக்கத்தில் மறைவாகக் கோதுமையைப் போரடித்துக்கொண்டிருந்தவனைத் தூதன் "பராக்கிரமசாலியே" என்று அழைத்தது ஏன் என்று ஒரு பையன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. எல்லாரும் சேர்ந்து அந்த வசனத்தை மறுபடியும் வாசிப்போம் என்றேன். வரியின்மேல் விரலை வைத்து வாசித்துக்கொண்டு வந்த ஒரு சிறுமி, "டீச்சர், கர்த்தர் உன்னோடே இருக்கிறார் என்று பக்கத்திலேயே போட்டிருக்கிறதே, அதனால்தான்" என்றாள். அன்றிலிருந்து நான் பயப்படுவதில்லை. இயேசுவின் சீடர்களான பேதுருவும் யோவானும் படிப்பறியாதவர்கள் என்றுதான் அப்போஸ்தலர் 4:13 சொல்கிறது. ஊழியத்துக்குப் படிப்பு வேண்டியதே இல்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
மேலே எழுதிய சகோதரியின் கடைசி வாக்கியத்தை என்னால் ஏற்க இயலவில்லை. அதே வசனத்தின் முடிவில், அவர்கள் இயேசுவுடனேகூட இருந்தவர்கள் என்று அறிந்துகொண்டார்கள் என எழுதியிருக்கிறது. கூடவே இருந்து கற்ற காலத்தைக் கழித்துவிட்டுப் பேதுருவைப் பார்க்கலாகாது. இஸ்ரவேலரை எகிப்திலிருந்து மீட்டுவரக் கர்த்தர் அழைத்த மோசேயையும் பாருங்கள். "நான் திக்குவாயும் மந்த நாவும் உள்ளவன்" என்று அவர் தம்மைப் பற்றிச் சொல்கிறார். முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானோ, மோசே எகிப்தியருடைய சகல சாஸ்திரங்களிலும் கற்பிக்கப்பட்டு வாக்கிலும் செய்கையிலும் வல்லவரானார் என்கிறார் (அப்போஸ்தலர் 7:22). தம்மைப் பற்றிய ஒருவருடைய மதிப்பீடு எவ்வளவு தவறிப்போகக்கூடும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? "வேறு யாரையாகிலும் அனுப்பும்" என்று அவர் மறுத்தபோது கர்த்தருக்குக் கோபம் மூண்டது. ஆனாலும் அவருடைய அண்ணன் ஆரோனைத் துணைக்குக் கொடுத்தார்.

என் அனுபவம் சிறியது: ஆராதனையில் வேதபாடம் வாசிக்க முதன்முதலில் எழுந்தபோது, வகுப்பறையில் பழகிய குரல் எனக்கு வரவேயில்லை. ஆகவே தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். வாசிக்க வேண்டிய பகுதியைச் சனிக்கிழமையே உரக்கப் படித்துப் பாருங்கள். ஜெபிக்கச் சொற்கள் வரவில்லையென்றால் வேதாகமத்திலுள்ள ஒரு சங்கீதத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 23ஆம், 121ஆம் சங்கீதங்கள் நோயாளியின் அருகே போதுமானவை. தனியாகப் போகத் துணிவில்லையென்றால் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1909இல், இன்றைய தெலங்கானாவிலுள்ள தோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்கைக் கற்றுத்தான் ஊழியம் செய்தார். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். ஒன்றும் தெரியாதே என்று உட்கார்ந்துவிடவும் வேண்டாம், தெரிந்துகொள்ளவே தேவையில்லை என்றும் இருக்க வேண்டாம்.

பெயர் குறிப்பிட விரும்பாத உறுப்பினர்:
ஐயா, நீங்கள் சொல்வது படிப்பைப் பற்றியது. என்னைத் தடுத்தது என் பழைய வாழ்க்கை. குடியால் எங்கள் தெருவுக்கே தெரிந்தவனாக இருந்தேன். அதை விட்டு ஆண்டுகள் ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயர் காணிக்கைப் பையை என் கையில் கொடுத்தார். மூன்றாவது வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு அடுத்திருந்த அவருடைய மனைவி, முந்தானையில் முடிந்துவைத்திருந்த காசை நிதானமாக அவிழ்த்துப் பையில் போட்டுவிட்டு, "அடுத்த வாரமும் நீங்களே வாங்க தம்பி" என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அடுத்த வாரமும் போனேன்.

பாளையங்கோட்டைக்காரர்களுக்குக் கிளாரிந்தா அம்மையாரைத் தெரிந்திருக்கும். ஓர் ஆங்கில அதிகாரியோடு மணமின்றி வாழ்ந்துவந்த காலத்தில் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்தபின், 1778இல்தான் கொடுத்தார். 1780ஆம் ஆண்டின் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருக்கும் 40 பேரில் கிளாரிந்தாவின் பெயரே முதலாவது. 1785இல் அவருடைய முயற்சியால் எழுந்த ஆலயத்தை, முன்பு மறுத்த அதே சுவார்ட்ஸ் ஐயரே வந்து பிரதிஷ்டை செய்தார். என்னைப்போல் பழைய வாழ்க்கையை எண்ணிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் இதை வாசித்தால், இந்த வாரமே உங்கள் ஆயரிடம் போய், எந்த வேலை மீதியிருக்கிறது என்று கேளுங்கள்.