வீட்டுக் கணக்கிலிருந்து ரப்பர் தோட்டத்தைப் பிரித்தெடுப்பது: குனுகேஷ் அனுபவங்கள்

தக்கலை

வீட்டுச் செலவும் ரப்பர் தோட்டமும் குனுகேஷ் என்ற கணக்கு மென்பொருளில் ஒரே புத்தகத்தில் கிடக்கின்றன. ஏப்ரல் 1 முதல் தோட்டத்துக்குத் தனிப் புத்தகம் வேண்டும். ஏற்கெனவே போட்ட சில மாதப் பதிவுகளை அங்கே கொண்டுபோக வேண்டும். இரண்டு ஜன்னல் திறந்து காப்பி பண்ணினால் அடுத்ததில் பேஸ்ட் ஆகவில்லை. செய்து பார்த்தவர்கள் வழி சொல்லுங்கள் அண்ணாச்சி.

நாகர்கோவில்

காப்பி, பேஸ்ட் ஒரு ஜன்னலுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். புத்தகம் விட்டுப் புத்தகம் போக சிஎஸ்வி (காற்புள்ளியால் நிரல் பிரித்த எழுத்துக் கோப்பு) வழிதான். வரிசை இப்படி:

முதலில் பழைய கோப்பை வேறு பெயரில் நகல் எடுத்துத் தனியாக வையுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். குனுகேஷில் அன்டூ, அதாவது செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறும் வசதி, கிடையாது. எக்ஸ்எம்எல் கோப்பாக இருந்தால் கடைசியாகச் சேமித்த நிலைக்குத் திரும்பலாம். எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் வைத்திருந்தால் ஒவ்வொரு மாற்றமும் அப்போதே எழுதப்பட்டுவிடும், திரும்ப இடமே இல்லை.

அடுத்து ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட், அதில் எக்ஸ்போர்ட் அக்கவுண்ட்ஸ். பதிவுகள் எதுவும் இல்லாமல் கணக்குத் தலைப்புகள் மட்டும் புதுக் கோப்பாக வரும். அதில் வீட்டுத் தலைப்புகளை நீக்கிவிட்டால் தோட்டப் புத்தகம் தயார். தலைப்புப் பெயர்கள் இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும் என்பதுதான் இந்த வழியின் லாபம். கையால் அடித்தால் பெயரின் கடைசியில் ஒரு இடைவெளி விழுந்தாலே பொருந்தாது.

பிறகு பழைய புத்தகத்தில் எக்ஸ்போர்ட் டிரான்ஸாக்ஷன்ஸ் டு சிஎஸ்வி. தோட்டத் தலைப்புகளை எல்லாம் ஒரே தடவையில் தேர்ந்தெடுங்கள், தேதி ஏப்ரல் 1 முதல். ஷீட் (பாலை உறையவைத்துக் காயவைத்த தகடு) தலைப்பை ஒரு தடவை, ஒட்டுப்பால் (தானாக உறைந்த மிச்சப் பால்) தலைப்பை இன்னொரு தடவை என்று தனித்தனியாக எடுத்தால் இரண்டிலும் கால் (ஒரு தலைப்பில் விழும் வரி, ஸ்ப்ளிட்) வைத்திருக்கும் பதிவு இரண்டு தடவை வந்துவிடும்.

குலசேகரம்

அந்த ஏற்றுமதிப் பக்கத்தில் சிம்பிள் லேஅவுட் என்று ஒரு பெட்டி இருக்கும். அதை டிக் பண்ணக் கூடாது. ரப்பர்க் கடைப் பில்லை வைத்தே பாருங்கள்: ஷீட் 84 கிலோ, கிலோ 190 ரூபாய் வீதம் 15,960. ஒட்டுப்பால் 30 கிலோ, 100 ரூபாய் வீதம் 3,000. மொத்தம் 18,960. கடையில் முன்னே வாங்கிய முன்பணத்தில் 4,500 பிடித்துக்கொண்டு மீதி 14,460 வங்கிக்கு வருகிறது. ஒரே பதிவில் நான்கு கால். சிம்பிள் லேஅவுட்டில் எடுத்தால் எதிர்த் தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் 'ஸ்ப்ளிட் டிரான்ஸாக்ஷன்' என்ற வார்த்தைதான் நிற்கும், நான்கு காலும் போச்சு. யூஸ் கோட்ஸ் பெட்டியை மட்டும் டிக் பண்ணுங்கள். இல்லாவிட்டால் விவரத்தில் நீங்கள் போட்ட காற்புள்ளி ஒவ்வொன்றும் புது நிரலாகிவிடும்.

புதுப் புத்தகத்தில் இம்போர்ட் பண்ணும்போது, அமைப்புப் பட்டியலில் குனுகேஷ் எக்ஸ்போர்ட் ஃபார்மேட்டைத் தேர்ந்தெடுத்தால் நிரல்கள் தானாக அமரும். பல கால் பதிவுகளுக்கான மல்ட்டி ஸ்ப்ளிட் பெட்டி டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கிடுங்க.

தேதி வடிவம் நாள்-மாதம்-ஆண்டு. இதில்தான் பலரும் மாட்டுவது. மாதம்-நாள் என்று தப்பாக இருந்தால் 12ஆம் தேதிக்கு மேற்பட்ட வரிகள் பிழை காட்டி நின்றுவிடும், நமக்கும் தெரியும். 5-4 மே 4 ஆகப் போய் உட்கார்ந்தால் எந்த எச்சரிக்கையும் வராது.

இடையில் சிஎஸ்வியை எக்ஸெலில் திறந்து சேமிக்க வேண்டாம். தமிழ் எழுத்து சிதையும், தேதியும் மாறும். பார்த்தே ஆக வேண்டுமானால் லிப்ரே ஆபீஸில் எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறங்கள்.

மார்த்தாண்டம்

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் வங்கிக் காலை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. முழுச் சிக்கலும் அங்கேதான்.

ஒரு வங்கிக் கணக்கு ஒரு புத்தகத்தில் மட்டும்தான் இருக்க வேண்டும். இரண்டிலும் வைத்தால் பாஸ்புக்கோடு எதையும் ஒப்பிட முடியாது. வங்கி வீட்டுப் புத்தகத்திலேயே இருக்கட்டும். தோட்டப் புத்தகத்தில் ஈக்விட்டியின் (மூலதனப் பிரிவு) கீழ் 'வீட்டோடு பற்று-வரவு' என்று ஒரு தலைப்பு, வீட்டுப் புத்தகத்தில் 'தோட்டத்தோடு பற்று-வரவு' என்று ஒன்று. இம்போர்ட்டில் கணக்குப் பொருத்தும் பக்கம் வரும்போது வங்கியின் பெயருக்கு எதிரே 'வீட்டோடு பற்று-வரவு' தலைப்பைக் கொடுங்கள். 14,460 அங்கே பற்றாக விழும்.

இனி வீட்டுப் புத்தகம். அங்கே அந்தப் பதிவை டிலீட் பண்ணாதீர்கள். பதிவை அழித்தால் வங்கிக் காலும் சேர்ந்து போகும், இருப்பு 14,460 குறையும். தோட்டத் தலைப்பையே அழிக்கப் போனாலும் இதே ஆபத்துதான். அப்போது வரும் பெட்டியில் 'எல்லாப் பதிவையும் அழி' என்பதைக் கொடுத்தால் வங்கி இருப்பு கண்டபடி போய்விடும். செய்ய வேண்டியது இது: பதிவைத் திறந்து ஷீட், ஒட்டுப்பால், முன்பணம் மூன்று காலையும் எடுத்துவிட்டு, 'தோட்டத்தோடு பற்று-வரவு' 14,460 வரவு என்று ஒரே கால் போடுங்கள். வங்கி வரியைத் தொட வேண்டாம்.

மார்ச் 31 வரையுள்ளதை அசைக்காதீர்கள். வருமான வரிக்குக் காட்டிய கணக்கு அது. கடை முன்பணம் மாதிரி பாக்கி நிற்கும் தலைப்புகளுக்கு மட்டும் ஏப்ரல் 1 தேதியிட்டு இரண்டு புத்தகத்திலும் ஒவ்வொரு பதிவு. முன்பண பாக்கி 9,000 என்றால், வீட்டில் முன்பணம் பற்று, தோட்டத்தோடு வரவு. தோட்டத்தில் வீட்டோடு பற்று, முன்பணம் வரவு.

எல்லாம் முடிந்ததும் அந்த இரண்டு ஈக்விட்டித் தலைப்பின் இருப்பையும் பாருங்கள். தொகை ஒன்றாகவும் பக்கம் எதிராகவும் இருக்க வேண்டும். இந்த உதாரணத்தில் இரண்டு பக்கமும் 23,460. ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் விடாதீர்கள். வித்தியாசத் தொகையைத் தேடினால் விட்டுப்போன பதிவு கையில் கிடைக்கும், வித்தியாசத்தில் பாதியைத் தேடினால் பக்கம் மாறிப் போட்டது கிடைக்கும்.

குளச்சல்

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இம்போர்ட் முடிந்ததும் கணக்கு மரத்தில் இம்பேலன்ஸ்-ஐஎன்ஆர் என்று புதுத் தலைப்பு முளைத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஏதோ ஒரு கால் பொருந்தவில்லை. அதைத் திறந்தால் எந்தப் பதிவு என்று தெரியும்.

குவைத்திலிருந்து ஆட்கள் அனுப்பும் பணத்தைத் தினாரில் வைத்திருப்பவர்கள் அந்தப் பதிவுகளைச் சிஎஸ்வியில் சேர்க்காமல் கையால் போடுவது நல்லது. ஒரே பதிவில் தினார் ஒரு கால், ரூபாய் ஒரு கால். மாற்று விகிதம் சரியாக ஏறாவிட்டால் தொகை தவறும். தினாருக்குப் பைசா இடம் மூன்று, 1 தினார் 1,000 ஃபில்ஸ். அதை இரண்டு இடத்துக்குச் சுருக்கிப் போட்டால் ரூபாய்ப் பக்கம் ஒத்துவராது.

தக்கலை

வங்கிக் கணக்கைத் தோட்டப் புத்தகத்திலும் வைக்கத்தான் இருந்தது, அதை எடுத்துவிடுகிறேன். தோட்டத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு பின்னால் திறந்தால்?

மார்த்தாண்டம்

அது தோட்டப் புத்தகத்தில் மட்டும். வீட்டு வங்கியிலிருந்து அதற்குப் பணம் மாற்றும் அன்றைக்கு இரண்டு புத்தகத்திலும் பற்று-வரவுத் தலைப்பு வழியாக ஒவ்வொரு பதிவு, தேதி ஒன்றாக இருக்கட்டும்.