குளிர் தொடங்கினதும் பலகை நிலத்தில் நீக்கல் விழுகிறது, அடைக்கலாமா?

புதுவீட்டுக்காரி:
போன வைகாசியில் இங்கே கனடாவில், ரொறன்ரோ ஸ்காபரோவில் ஒரு பழைய வீடு வாங்கினோம். 1950களில் கட்டினது, நிலம் முழுக்க ஓக் பலகை. அப்போது நூல் கூட நுழையாத நெருக்கம். இப்ப தை மாதம், ஹீட்டர் ஓயாமல் ஓடுகிறது, ஜன்னலோரம் பலகைக்குப் பலகை நீக்கல். பத்துச் சதக் குற்றியை நிமிர்த்தி விட்டுப் பார்த்தேன், சில இடத்தில் உள்ளே போய்விட்டது. இவர் அடைக்கிறதுக்கு ஏதோ பேஸ்ட் டியூப் வாங்கி வந்து வைத்திருக்கிறார். அம்மா வேறு, ஊர்ப் பழக்கத்தில் வாளித் தண்ணீர் ஊற்றி நிலம் கழுவுகிறா, வேண்டாம் என்றால் "அப்ப ஊத்தையிலயா இருக்கிறது?" என்கிறா.

பழைய தச்சன்:
தங்கச்சி, டியூபைத் திறக்காமல் கடையில் திருப்பிக் கொடுங்கோ. மரம் நீளப்பாட்டில் அசைகிறது இல்லை என்றே சொல்லலாம், அகலப்பாட்டில்தான் சுருங்கும், விரியும். வெளியில் மைனஸ் 15 காற்று, அது உள்ளே வந்து சூடானால் ஈரப்பதன் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும், பலகை தன்னிடம் உள்ள ஈரத்தை விட்டு ஒடுங்கும். ஆடியில் திரும்ப ஊதும்போது நீங்கள் அடைத்த பேஸ்ட் பிதுங்கிக்கொண்டு வெளியே வரும், இறுகிப் போயிருந்தால் பலகையின் ஓரத்தை நசுக்கும், அடுத்த குளிருக்கு நீக்கல் இன்னும் பெரிது. என் வீட்டில் நானே இதைச் செய்துவிட்டு ஒரு கோடை முழுக்க முழங்காலில் இருந்து சுரண்டினேன். ஒரு ஈரப்பதன்மானி வாங்கி வையுங்கோ, காற்றை ஈரமாக்குகிற ஹியுமிடிஃபயர் போட்டு 35 முதல் 45 வரை வைத்தால் போதும். கடுங்குளிர் நாளில் ஜன்னல் கண்ணாடி வியர்த்தால் 30 அளவுக்கு இறக்குங்கோ. ஆடியிலும் மூடாமல் நிற்கிற நீக்கலை மட்டும் அப்போது பார்ப்போம்.

மார்க்கம் அக்கா:
வாளி விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நீக்கல் திறந்திருக்கிற நேரத்தில் ஊற்றுகிற தண்ணீர் நேரே அடியில் போய் நிற்கும், ஓரங்கள் கிண்ணம் மாதிரி மேலெழும். பூச்சு நல்லா இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிஷம் விடுங்கோ. முத்தாக நின்றால் சரி, ஊறி மரம் கறுத்தால் அந்த இடத்தில் பூச்சு போய்விட்டது. ஸ்டீம் மொப் வேண்டாம், வினாகிரியும் பளபளப்பைத் தின்றுவிடும். நன்றாகப் பிழிந்த துணி, அவ்வளவுதான். சப்பாத்தில் வருகிற உப்பும் மணலும் வாசலிலேயே நிற்கட்டும், கதிரைக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டுங்கோ. இரும்புத் தட்டில் பூச்சட்டி வைக்கவே வேண்டாம், ஓக்கில் ஈரமும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புக் கறை. எங்கள் வீட்டுக் கறையைப் பூச்சைச் சுரண்டி ஒக்சாலிக் அமிலம் போட்டுத்தான் எடுத்தோம், கையுறையோடு.

புதுவீட்டுக்காரி:
நன்றி அண்ணா, அக்கா. டியூப் காரில் ஏறிவிட்டது. சொட்டு விட்டுப் பார்த்தேன், வரவேற்பறையில் முத்தாக நின்றது, குசினி வாசலில் மூன்று நிமிஷத்தில் கறுத்துவிட்டது. அம்மாவையும் குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, "அப்ப குசினிக்கு ஒரு பாய் போடு" என்றா. வாளி இன்னும் குளியலறையில்தான் இருக்கிறது, பார்ப்போம். அந்த வாசலுக்கு மட்டும் பூச்சு போடலாமா, இல்லை முழு நிலத்தையும் உரசித் தேய்க்க வேண்டுமா?

பழைய தச்சன்:
முதலில் அந்தப் பூச்சு மெழுகா, பொலியூரிதேன் என்கிற பிளாஸ்டிக் வார்னிஷா என்று தெரிய வேண்டும். மினரல் ஸ்பிரிட் (பெயின்ட் கரைக்கிற திரவம்) நனைத்த வெள்ளைத் துணியால் மூலையில் தேயுங்கோ, துணி மஞ்சளானால் மெழுகு. பார்த்துவிட்டு எழுதுங்கோ.