14 மாதமாக பில் ஒப்பிடும் வேலை: ரெஸ்யூமில் எப்படி எழுதுவது?

வணக்கம். பி.காம். முடித்து ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 14 மாதமாக இருக்கிறேன். டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் ஏற்றுவது, 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி (விற்றவர்கள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றிய பில்களின் பட்டியல்) வந்ததும் கொள்முதல் பதிவேட்டோடு வரி வரியாக ஒப்பிடுவது, 20-ஆம் தேதிக்குள் மாத வரி ரிட்டர்னான 3பி-க்குக் கணக்கு கொடுப்பது. இவ்வளவுதான் வேலை. 22 கிளையண்ட், பெரும்பாலும் ஜவுளி.

கண் எரியும். ஆனால் வீண் என்று சொல்ல மாட்டேன். ஒரு நூல் வியாபாரியின் பில்கள் 2பி-யில் வராமலே இருந்தன. 'அவர் ஏற்ற மறந்திருப்பார்' என்றார் சீனியர். பழைய மாதங்களைப் புரட்டினால் மார்ச், ஜூன், செப்டம்பரில் மட்டும் மொத்தமாக வந்து நிற்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிறவர். இப்படிப்பட்டவர்கள் இடைப்பட்ட மாதங்களின் பில்களை ஏற்றுவதற்கான ஐஎஃப்எஃப் வசதியில் அவர் ஏற்றுவதில்லை. பேசி, 13-ஆம் தேதிக்குள் ஏற்ற வைத்தோம். இப்போது கிளையண்டுக்கு வரிக்கடன் (கொள்முதலில் கொடுத்த வரியைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) அந்தந்த மாதமே கிடைக்கிறது.

ஆடிட்டுக்கு அழைத்துப் போகும்படி ஆடிட்டர் சாரிடம் இரண்டு முறை கேட்டேன். 'பார்க்கலாம்பா.' எக்செல்லில் எக்ஸ்லுக்கப், பிவட் கற்று இரண்டு நாள் வேலையை அரை நாளாக்கினேன். பலன்? இன்னும் 6 கிளையண்ட் என் தலையில். அப்புறம் கோவை, திருப்பூரில் மூன்று இன்டர்வியூ. ரெஸ்யூமில் 'டேட்டா என்ட்ரி, ஜிஎஸ்டி ஒப்பீடு' என்றிருந்ததைப் பார்த்து, 'என்ட்ரி வேலைதானே' என்று முடித்துவிட்டார்கள்.

ஜிஎஸ்டி எக்சிகியூட்டிவ் வேலைக்கு ஆள் எடுத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: இந்த 14 மாத வேலையை ரெஸ்யூமில் எப்படி எழுதியிருந்தால் என்னை அடுத்த சுற்றுக்குக் கூப்பிடுவீர்கள்?