ஹோல்டர் டேப்பரில் சிவப்புக் கறை, ஸ்பிண்டில் ஸ்பிரிங் மாற்றியவர்கள் உண்டா?

அண்ணன்மார்களே, வாளையாறு தாண்டி கஞ்சிக்கோட்டில் ஜாப் ஒர்க் பண்ணுகிறேன், பழைய வி.எம்.சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு மில்லிங் மெஷின், BT40 அளவு டேப்பர்) ஒன்றுதான் சோறு போடுகிறது. ஒரு மாதமாக ஃபேஸ் மில் (மேல்பரப்பைச் சீவும் கட்டர்) போட்டாலே அதிர்வு, கட்டரைப் பிடிக்கும் ஹோல்டரை ஸ்பிண்டிலிலிருந்து (சுழலும் தண்டு) கழற்றினால் அதன் கூம்பான டேப்பரில் துரு மாதிரி சிவப்புக் கறை. டெஸ்ட் பார் (சோதனைக் கம்பி) போட்டுச் சுற்றி, டயல் வைத்து ஆட்டம் பார்த்தேன்: ஸ்பிண்டில் மூக்கில் 5 மைக்ரான், 300 மி.மீ கீழே 30. பேரிங் சத்தமும் இல்லை, சூடும் இல்லை. ஹோல்டரை உள்ளே இழுத்துப் பிடிக்கும் டிராபாரில் அடுக்கியிருக்கும் டிஸ்க் ஸ்பிரிங் தளர்ந்து ஹோல்டரை முழுசாக இழுக்கவில்லையோ என்று சந்தேகம். 7/24 சரிவுள்ள இந்த டேப்பர் தானாகப் பிடித்துக்கொள்ளாதே, இழுவிசைதானே எல்லாம். ஹோல்டர் முனையில் டிராபார் பிடித்து இழுக்கும் புல் ஸ்டட்டை மாற்றியும் அதே கதைதான். சர்வீஸுக்கு வந்தவர் ஸ்பிண்டிலையே மாற்றச் சொல்லிவிட்டார், அவருக்கென்ன! இழுவிசை அளக்கும் கேஜ் கோயம்புத்தூர் பக்கம் வாடகைக்குக் கிடைக்குமா? அப்புறம், ஸ்பிரிங் மட்டும் மாற்றியவர்கள் ஸ்பிண்டிலை இறக்காமலே முடித்தீர்களா, கொஞ்சம் சொல்லுங்கள்.