புதுப்பிப்பு: கிரைண்டரும் மரத்துப்போகும் விரல்களும்

கோவையில் எங்கள் வார்ப்படப் பட்டறையில் வார்ப்பின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கிரைண்டரால் தேய்ப்பவர்களுக்கு அதன் அதிர்வால் விரல் மரத்துப்போவதை முன்பு எழுதி, அதிர்வுத் தடுப்புக் கையுறை பலன் தருமா என்று கேட்டிருந்தேன்.

கையுறை வாங்கவில்லை. தாழ்ந்த அதிர்வெண்களில் அது பெரிதாக எதையும் குறைப்பதில்லை. தடித்த கையுறை போட்டால் பிடியை இறுக்க வேண்டும். இறுக்கினால் அதிர்வு கைக்குள் கூடுதலாக இறங்கும்.

முதலாளியை அசைத்தது கணக்குதான். பிரிட்டனின் 2005 விதிகளின்படி 8 மணி நேரச் சராசரி அதிர்வு 2.5 மீ/வி² அளவை எட்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும். 5-ஐத் தாண்டவே கூடாது. அதிர்வு இருமடங்கானால் அனுமதிக்கப்படும் நேரம் பாதியாக அல்ல, கால்வாசியாகக் குறைகிறது. 10 அளவில் அதிரும் கருவியை 2 மணி நேரம் இயக்கினாலே அன்றைய வரம்பு முடிந்தது. (கருவி ஓடும் நேரம் மட்டுமே கணக்கு, தேநீர் நேரம் சேராது.)

தேய்ந்த வட்டுகளையும் பேரிங்குகளையும் மாற்றினோம், ஆள் மாற்றி வேலை கொடுத்தோம். ஆனால் பெரிய பலன் வேறிடத்திலிருந்து வந்தது. உலோகத்தை ஊற்றும் அச்சுப்பெட்டிகளின் இரு பாதிகளும் சரியாகப் பொருந்தாததால்தான் அவ்வளவு பிசிறு வந்தது. அவற்றைச் சீர்செய்த பிறகு தேய்க்கவேண்டியதே வெகுவாகக் குறைந்துவிட்டது. இதை யாரும் முதலில் யோசிக்கவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

ஒருவருக்குக் குளிர்ந்த காலைகளில் விரல்நுனி இன்னும் வெளுக்கிறது. வெளுப்பு குறையலாம், மரமரப்பு நீங்குவது கடினம் என்று சொன்ன மருத்துவர், பீடியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அந்தத் தொழிலாளியை வார்ப்புகளைச் சோதிக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் குறைந்த கூலியை யார் ஈடுகட்டுவது என்பது மட்டும் இன்னும் பேச்சில் இருக்கிறது.