துருவும் ரப்பரும்: முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5ஐக் கையைக் கடிக்காமல் மீட்டவர்களின் அனுபவங்கள், அவரவர் புனைபெயரில்

துருவேட்டை:

1989-இல் வந்த முதல் எம்எக்ஸ்-5, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர், அமெரிக்காவில் மியாட்டா. எந்தப் பெயரில் கிடைத்தாலும் முதலில் இன்ஜின் சத்தத்தைக் கேட்காதீர்கள். கதவுக்குக் கீழே ஓடும் சில், பின் சக்கரத்தைத் தொடும் கடைசி ஒரு சாண் இடம், அங்கேதான் இந்த வண்டியின் விலை இருக்கிறது. இன்ஜினை மாற்றிவிடலாம், பாடி அழுகிப்போனால் செலவுக்கு அடிமுடி கிடையாது.

அழுகுவதற்கான காரணம் மிகச் சின்னது. துணிக் கூரையில் விழும் மழைநீர், சீட் பெல்ட் கோபுரத்துக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருக்கும் வடிகால் வழியாக இறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் வண்டிக்கு அடியில் வெளியேற வேண்டும். இலைச் சருகும் தூசியும் அதை அடைத்தால் தண்ணீர் சில்லுக்குள் தேங்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு தாளாகியிருக்கும்.

சோதனைக்குக் கால் லிட்டர் தண்ணீர் போதும். வடிகாலில் ஊற்றினால் சில நொடிகளில் கீழே ஒழுக வேண்டும். சொட்டு சொட்டாக வந்தாலோ வராமலே போனாலோ அடைப்பு. அடைப்பெடுக்க இரும்புக் கம்பியை விடாதீர்கள், உள்ளிருக்கும் குழாயைக் குத்திவிடும். புல்வெட்டும் இயந்திரத்தில் சுற்றும் தடித்த நைலான் நரம்பு நன்றாக வேலை செய்யும்.

அடுத்து, மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைச் சில் முழுக்க நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் பட்டி, அதாவது பள்ளத்தை மூட அப்பிய பூச்சு, இருக்கிறது. ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்னும், பட்டி மொத்தென்னும். துருவின் மேல் பட்டி போட்டு மூடியிருந்தால் அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளிருந்து தின்னும். வெட்டி எடுத்து 1 மி.மீ. தகடு வெல்டிங் செய்வதுதான் வழி. நீளமாக இழுத்துக்கொண்டு போகாமல் 25-30 மி.மீ. இடைவெளியில் புள்ளி வைத்து, ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் போய் அடுத்த புள்ளி. தொடர்ந்து இழுத்தால் தகடு சூட்டில் நெளியும்.

இது இரும்புக் கூரையில்லாத வண்டி என்பதை மறக்கக் கூடாது. முதுகெலும்பே சில்தான். வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு கம்பியை முட்டுக் கொடுத்துப் பற்றவைத்துக்கொள்ளுங்கள், கதவு இடைவெளியை மேலேயும் கீழேயும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முட்டு இல்லாமல் வெட்டினால் நடுப்பகுதி தொய்ந்து, வேலை முடிந்தபின் கதவு பூட்டாது. வெல்டிங் மெஷினைத் தொடுமுன் பேட்டரியையும் ஈசியூ (இன்ஜினின் கணினி) பிளக்கையும் கழற்றிவிடுங்கள். பெயின்ட் காய்ந்த பிறகு சில்லுக்குள் மெழுகு ஸ்பிரே அடிக்காமல் விட்டால் செய்த வேலையில் பாதி வீண்.


பன்னிரண்டாம் நம்பர்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. இன்ஜின் பக்கத்தில் நான் சேர்க்க விரும்புவது, இந்த வண்டியில் பெரிய செலவாகத் தெரியும் பாதிக் கோளாறுகள் ஒரு ரப்பர் வளையத்தில் போய் முடியும் என்பது.

மிக மோசமான உதாரணம்: கியர் பாக்ஸும் இன்ஜினும் சேரும் இடத்தில் ஆயில் ஒழுகுகிறது. பார்த்தவுடன் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல் போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். இறக்குவதற்கு முன் இன்ஜின் ஹெட்டின் பின்பக்கம் இருக்கும் கேம் ஆங்கிள் சென்சாரின் (கேம் சுழலும் நிலையை ஈசியூவுக்குச் சொல்வது) அடியில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். அதன் ஓ-ரிங் இத்தனை வருடச் சூட்டில் பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போயிருக்கும். ஆயில் அங்கிருந்து கிளம்பி ஹெட்டின் பின்சுவரில் வழிந்து, கிளட்ச் கூட்டின்மேல் இறங்கிச் சொட்டும். கீழிருந்து பார்த்தால் பின் சீல் ஒழுகுவது போலவே தெரியும். வேலை இவ்வளவுதான்: சென்சார் உடலுக்கும் ஹெட்டுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறி, 12 நம்பர் போல்ட்டைக் கழற்றி, சென்சாரை உருவி, பழைய வளையத்தைக் கத்தியால் வெட்டியெடுத்து, புதியதை ஆயில் தடவிப் போட்டு, கோட்டோடு கோடு சேர்த்துப் பூட்டுவது. கேமில் மாட்டும் சென்சாரின் நாக்கு நடுவிலிருந்து விலகி இருப்பதால் ஒரே வாட்டத்தில்தான் உட்காரும், மாற்றிப் போட முடியாது.

இரண்டாவது, ஐடிலில் (ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் நிற்கும்போது) ஆர்பிஎம் ஏறி இறங்கி ஊசலாடுவது. 1.6 லிட்டர் இன்ஜினில் காற்றை அளப்பது மடல் வைத்த மீட்டர். அதிலிருந்து த்ராட்டிலுக்குப் போகும் ரப்பர் குழாயில் துருத்தி போல மடிப்புகள் இருக்கும். சும்மா பார்த்தால் விரிசல் தெரியாது. கழற்றி, உள்ளே டார்ச் வைத்து, ஒவ்வொரு மடிப்பையும் கையால் விரித்துப் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் குழாய் போச்சு. அந்த வழியே நுழையும் காற்று மீட்டரின் கணக்கில் வராது, கலவை மெலிந்து ஐடில் தடுமாறும். பெட்ரோல் பம்ப் ஓடுவதற்கான சுவிட்சும் அந்த மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. குழாய் முழுக்கக் கழன்றுவிட்டால் மடல் மூடிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். இதைப் பம்ப் கோளாறு என்று நினைத்துப் புதுப் பம்ப் வாங்கிவிடுகிறார்கள்.

மூன்றாவது கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளப்பது. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், நாலு பிளக்கும் வெளியே, ஆக்ஸிலேட்டர் முழுக்க அழுத்தி, காயிலின் இணைப்பைக் கழற்றிவிட்டுச் சுற்ற வேண்டும். 1.6-க்குப் புது அளவு 192 பிஎஸ்ஐ. வெறும் எண்ணை விட முக்கியமானது சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம், அது 28 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். இந்த அளவு கையில் இல்லாமல் டர்போ, கேம் என்று பேசுவதில் பொருளில்லை.

செலவே இல்லாத மாற்றம் ஒன்று உண்டு, இக்னிஷன் டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம். பானட்டுக்குள் டயக்னோசிஸ் என்று எழுதிய பெட்டியில் டென், ஜிஎன்டி என்ற இரண்டு முனைகளையும் ஒரு சின்ன வயரால் இணைத்துவிட்டுத்தான் டைமிங் லைட் பிடிக்க வேண்டும். இணைக்காவிட்டால் ஈசியூ தானே டைமிங்கை நகர்த்திக்கொண்டிருக்கும், நீங்கள் பார்ப்பது பொய்யான எண். 850 ஆர்பிஎம் ஐடிலில் தொழிற்சாலை அளவு 10 டிகிரி. பலரும் கேம் ஆங்கிள் சென்சாரைச் சற்றே திருப்பி 14 டிகிரி வரை கொண்டுபோகிறார்கள், கீழ் ஆர்பிஎம்மில் இழுவை கூடுவது காலுக்குத் தெரியும். ஆனால் ஆக்டேன் கூடுதலான பெட்ரோல் போட வேண்டும், ஏற்றத்தில் உயர் கியரில் அழுத்தும்போது கடகடவென்று தட்டல் கேட்டால் அன்றே பழைய இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும். 1.6-இல் இந்தத் தட்டலைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார் இல்லை. காதுதான் சென்சார்.


டார்க் ரென்ச்:

கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 96,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 1.6-இல் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது, ஆகவே பயம் வேண்டாம். ஆபத்து அறுவதில் இல்லை, மாற்றும்போது பூட்டுவதில்.

1991 வாக்கில் மாற்றப்படும் வரை வந்த ஆரம்பகால இன்ஜின்களில் கிராங்க் மூக்கு (கப்பி பூட்டும் முன் முனை) குட்டையானது. முன்னால் குனிந்து, கிராங்க் கப்பியில் நடு போல்ட்டைச் சுற்றியுள்ள வெட்டுகளை எண்ணுங்கள். நான்கு என்றால் குட்டை, எட்டு என்றால் பிந்தைய பெரிய மூக்கு. குட்டை மூக்கில் போல்ட் சரியாக இறுகாவிட்டால் கப்பி நூலளவு ஆடத் தொடங்கும், அந்த ஆட்டம் சாவிக் காடியை (கப்பி நழுவாமல் பிடிக்கும் சாவித் துண்டு உட்காரும் பள்ளம்) தின்னும், டைமிங் பின்தங்கி ஒருநாள் வண்டி இழுக்கவே இழுக்காது. காடி தேய்ந்துவிட்டால் கிராங்கையே மாற்ற வேண்டிவரும். குட்டை மூக்குக்கு 108-118 நியூட்டன் மீட்டர், பெரிய மூக்குக்கு 157-167. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். போல்ட் புதியதாக இருக்கட்டும், சாவியையும் மாற்றிவிடுங்கள்.

பெல்ட் போடும்போது கேம் கப்பிகளில் ஐ, ஈ எழுத்துகள் மேலே வந்து பின்தகட்டின் குறிகளோடு சேர வேண்டும். இரண்டு குறிகளுக்கும் நடுவே பெல்ட்டில் 19 பற்கள் இருக்கிறதா என்று எண்ணுங்கள். பிறகு கையால் இன்ஜினை இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடி எண்ணுங்கள். முன் கவசம் திறந்திருக்கும்போதே கேம் சீல் இரண்டு, கிராங்க் முன் சீல், வாட்டர் பம்ப், டென்ஷனர் பேரிங் எல்லாம் மாற்றிவிடுவது மிச்சம். அப்புறம் ஒழுகினால் மொத்தத்தையும் திரும்பக் கழற்ற வேண்டும்.

ரேடியேட்டரும் அதே நாளில் கண்ணில் படட்டும். மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பிலிருந்து மங்கிய பழுப்புப் பச்சையாக மாறியிருந்தால் வெடிக்கக் காத்திருக்கிறது. முழு அளவு 6 லிட்டர்: 3 லிட்டர் கூலன்ட், 3 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர். முன்பக்கத்தைத் தூக்கி வைத்து, ஹீட்டரைச் சூட்டில் திறந்துவிட்டு, மூடியில்லாமல் ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள்.


நாலு சக்கரம்:

மாற்றங்களுக்கு வருவோம். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வண்டியில் சஸ்பென்ஷன் பயணமே குறைவு. வெட்டினால் பம்ப் ஸ்டாப் ரப்பர்மேல் உட்கார்ந்துவிடும், வளைவில் ஒரு சின்ன மேடு வந்தாலும் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். உயரத்தைத் தரையிலிருந்து அளக்காமல் ஹப் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளங்கள், டயர் அளவு கணக்கைக் கெடுக்காது. 320 மி.மீ.க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

அதற்கு முன் புஷ்கள், அதாவது சஸ்பென்ஷன் ஆர்ம்களின் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளைகள். எல்லா ஆர்ம் புஷ்ஷும் புதிதானால் வண்டி பத்து வயது இளமையாகும். ரப்பர் புஷ் போட்டால் போல்ட்களை ஜாக்கில் தொங்கும் நிலையில் இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நிற்க, வண்டியின் எடை ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கம். தொங்கும்போது இறுக்கினால் இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும், சில மாதங்களில் கிழியும். அலைன்மென்ட்டுக்கான நீள போல்ட்கள் உள்ளிருக்கும் இரும்புக் குழாயோடு துருவேறி ஒட்டியிருக்கும். அடித்து எடுக்க முயன்றால் மரை நசுங்கும். ஓரிரு நாள் முன்பிருந்தே துரு இளக்கி ஊற்றி, நட்டைத் தளர்த்தி, போல்ட் தலையை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். திரும்பாவிட்டால் புஷ்ஷோடு வெட்டியெடுப்பதே மலிவு.

சக்கரம்: பழைய டயர் 185/60 ஆர்14, வெளிவிட்டம் 578 மி.மீ. 195/50 ஆர்15 போட்டால் 576. ஸ்பீடோ மாறாது, உரசாது. 4x100 துளை (100 மி.மீ. வட்டத்தில் நான்கு போல்ட்), 7 அங்குல அகலம், ஆஃப்செட் (சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து பூட்டும் முகம் விலகியிருக்கும் தூரம்) 38 மி.மீ. பக்கம் இருந்தால் மட்கார்டுக்குள் அழகாக நிற்கும்.

பிரேக்கில் சிறந்த மலிவு மாற்றம், உடைந்த 1.8 லிட்டர் வண்டியிலிருந்து கேலிப்பர், பிராக்கெட், டிஸ்க் எல்லாவற்றையும் செட்டாக எடுத்து 1.6-இல் பூட்டுவது. முன் டிஸ்க் 235 மி.மீ.யிலிருந்து 255 ஆகும். 14 அங்குலச் சக்கரத்துக்குள்ளேயே அடங்கும். டிஃபரன்ஷியலை அதே மாதிரி மாற்றலாம் என்று நினைத்தால், 1.8-இன் டார்சன் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) பெரிய கூட்டில் வருகிறது. ஆக்ஸில்களும் புரொப்பல்லர் ஷாஃப்டும் கூடவே வேண்டும்.

ஹேண்ட் பிரேக் கூரை வரை ஏறினால் கேபிளை முறுக்காதீர்கள். பின் கேலிப்பரின் பின்புறம் இருக்கும் 14 நம்பர் மூடி போல்ட்டைக் கழற்றி, உள்ளே 4 மி.மீ. ஆலன் கீயை விட்டு, டிஸ்க் இறுகும்வரை வலப்பக்கம் திருப்பி, மூன்றில் ஒரு பங்கு சுற்று பின்வாங்குங்கள். கேபிள் அதற்குப் பிறகுதான்.


துருவேட்டை:

கிளட்ச் விட்டுப்போயிற்று. காலையில் முதல் கியரும் ரிவர்ஸும் விழ மறுத்தால் கிளட்ச் பிளேட் வாங்க ஓடாதீர்கள். கியர் பாக்ஸ் பக்கத்தில் ஸ்லேவ் சிலிண்டரின் (பெடல் அழுத்தத்தை வாங்கிக் கிளட்சைத் தள்ளுவது) ரப்பர் தொப்பியை விரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் சீல் போய்விட்டது. இரண்டு 12 நம்பர் போல்ட்தான் அதைப் பிடித்திருக்கிறது. மேலிருக்கும் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து மாற்றுங்கள். புது ஸ்லேவின் முழு அழுத்தத்தை மாஸ்டரின் பழைய சீல் நெடுநாள் தாங்குவதில்லை.

கியர் பாக்ஸ் ஆயில் 2 லிட்டர், 75டபிள்யூ-90. ஜிஎல்-4 தரம் போட்டால் பித்தளை சிங்க்ரோ (கியர் சத்தமில்லாமல் விழ உதவும் வளையம்) நிம்மதியாக இருக்கும். வடிக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன் நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இறுகிக் கிடந்தால், வடித்த பிறகு வண்டியை நகர்த்தவும் முடியாது.